ஆளுநர் கற்ற தமிழ்

ஒல்லாந்தர் கோட்டைக்கு ஆல்மன் துரைதான் ஆளுநர். இருபத்தேழு வருஷத்துக்கு முன் அதே கோட்டையில் படைத்தலைவனாக வந்து இறங்கியவர்.

வாரம் ஒருமுறை பல்லக்கை முகத்துவாரத்திலேயே நிறுத்திவிட்டு, சூஃபி பக்கீர் மீரான் மஸ்தானின் கீற்றுக் கொட்டகைக்கு நடந்து வருவார். மஸ்தான் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். ஆனாலும் துரை மணலில்தான் உட்காருவார்.

ஒருநாள் துரை சொன்னார்.

"பாவா, கோட்டைக்கு வடக்கே ஒரு குப்பம் இருந்தது. பீரங்கிக்கு மறைக்கிறது என்று கொளுத்தினோம். நான்தான் முன்னால் நின்றேன்."

"யார் சொல்லி?"

"அப்போதிருந்த ஆளுநர். எழுத்திலேயே ஆணை வந்தது."

"அவர் எங்கே?"

"கல்லறையில்."

"அவர் நாற்காலியில் இப்போது யார்?"

துரை தலைகுனிந்தார். "நான்."

"அப்படியானால் அந்த ஆணையை ரத்து செய்யுங்கள்."

துரை நிமிர்ந்து பார்த்தார். மஸ்தான் முகத்தில் கேலி இல்லை.

மறுநாள் காலை துரை தம் கையாலேயே எழுதினார். குப்பத்தைக் கொளுத்தும் ஆணை செல்லாது. மக்கள் தங்கள் வீடுகளிலேயே இருக்கலாம். கையெழுத்திட்டு, அரக்கு முத்திரை வைத்துக் கொண்டுவந்து காட்டினார்.

"அங்கே போய்ப் படித்துவிட்டு வாருங்கள். தமிழில்," என்றார் மஸ்தான்.

போனார். எருக்கஞ்செடி மண்டிய மணல்மேடு. பாதி புதைந்த ஓர் அம்மி. தொப்பியைக் கழற்றிவிட்டு உரக்கப் படித்தார். இரண்டு ஆடுகள் தலைதூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன.

உச்சிவெயிலில் திரும்பி வந்தார்.

"கேட்க ஒருவரும் இல்லை, பாவா."

"கொளுத்திய அன்றைக்கு யாராவது இருந்தார்களா?"

"ஒரு கிழவர். என் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டார். திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னார்."

"என்ன சொன்னார்?"

"எனக்கு அப்போது தமிழ் தெரியாது."

துரை தொடர்ந்தார்.

"சத்தம் மட்டும் காதில் தங்கிவிட்டது. நாலு வருஷம் கழித்து வாத்தியார் வைத்துத் தமிழ் படித்தேன். ஒருநாள் பாடத்தின் நடுவே அந்தச் சத்தம் வார்த்தையாகிவிட்டது." "'ஒரு பொழுது பொறுங்க சாமி. எம் மவளுக்குப் புள்ள நோவு. உள்ளதான் கெடக்கா.'"

மஸ்தான் மேல்துண்டால் கண்களைத் துடைத்துக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்:

"இப்போதுதான் தமிழ் தெரியுமே, துரை. அந்தப் பெரியவருக்குப் பதில் சொல்லுங்கள்."

துரை வாய் திறந்தார். எந்த மொழியிலும் சொல் வரவில்லை.