கார்நாட்டு வாசலில் ஒரு விளக்கு

கதை கேட்க வந்தவர்களே, வசதியாக உட்காருங்கள். பூமியில் ராஜாக்கள் ஆண்ட கதைகளை நீங்கள் எத்தனையோ கேட்டிருப்பீர்கள். இது பூமியில் நடந்ததல்ல. விண்மீன்களுக்கு நடுவே ஒரு பேரரசு இருந்த காலத்தில், பக்கத்து வீட்டுக்குப் போவதுபோல மனிதர்கள் ஓர் உலகத்திலிருந்து இன்னோர் உலகத்துக்குப் போய்வந்த காலத்தில் நடந்தது. ரொம்ப ரொம்பப் பழைய காலம். அத்தனை வித்தை தெரிந்த அந்த மனிதர்களுக்கும் நம்மைப் போலவே ரோஷம் இருந்தது. அதனால்தான் சொல்வதற்கு ஒரு கதை இருக்கிறது.

அந்தப் பேரரசின் தலைநகர் விண்ணூர். அதை ஆண்டவள் பேரரசி வானவல்லி. ஊரின் நடுவே பெரிய கறுத்த கதவு ஒன்று இருந்தது. அதைத் திறந்து ஓரடி எடுத்துவைத்தால் வேறோர் உலகம். கார்நாடு என்று அதற்குப் பெயர். பார்க்கும் இடமெல்லாம் வயல். விண்ணூருக்குச் சோறு போட்டது அந்த வயல்தான்.

கார்நாட்டில் காலம் ஓட்டமாக ஓடும். விண்ணூரில் ஒருத்தி உலை வைத்துச் சோறு வடிப்பதற்குள், கார்நாட்டில் நெல் விதைத்து அறுத்துவிடுவார்கள். இங்கே இன்று விடிந்து நாளை விடிவதற்குள், அங்கே பிறந்த குழந்தை பத்து வயதாகி வரப்பில் ஓடித் திரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் வலியெல்லாம் இதில்தான் இருக்கிறது.

அந்தக் கதவுக்கு இரண்டு அமைச்சர்கள். கதவு வாயிலமைச்சர் நெடுங்கோவின் பொறுப்பு. கதவைத் திறக்கிற நெருப்பு சுடரமைச்சர் கதிரவேளின் பொறுப்பு. கதவில் இரண்டு கைத்தடங்கள் பதிந்திருந்தன. இருவரும் சேர்ந்து உள்ளங்கையை வைத்தால்தான் அது திறக்கும். வேறு யார் கைக்கும் அசையாது. பேரரசியின் கைக்குக்கூட அசையாது.

இத்தனை பெரிய அதிகாரத்தை இரண்டு பேரிடம் கொடுத்தால் அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே போய்விடுவார்கள் என்று முதல் பேரரசருக்குப் பயம். அதனால் ஒரு முறை ஏற்படுத்திவிட்டுப் போனார். கதவு திறக்கவேண்டிய போதெல்லாம் இருவரில் ஒருவர், வெற்றிலை பாக்கு, பழம், பூ வைத்த தட்டோடு மற்றவர் வீட்டுக்குப் போய் அழைக்க வேண்டும். அவரே போகலாம், அவர் வீட்டு மனிதர் யாராவது போகலாம். அழைப்பு வந்த பிறகு இருவரும் சேர்ந்து வந்து கை வைப்பார்கள். நல்ல முறைதான். நல்ல முறைகளுக்கு இந்த உலகத்தில் என்ன கதி என்பது உங்களுக்குத் தெரியாதா?

நெடுங்கோவும் கதிரவேளும் மச்சான் மாப்பிள்ளை. நெடுங்கோவின் ஒரே தங்கை மருதியைக் கதிரவேள் கட்டியிருந்தார். கல்யாணப் பந்தியில் தனக்கு இரண்டாவது வரிசையில் இலை போட்டார்கள் என்று நெடுங்கோவுக்கு மனத்தாங்கல். பெண்ணை அனுப்பும்போது மச்சான் வாசல்வரை வரவில்லை என்று கதிரவேளுக்கு மனத்தாங்கல். இலை எப்போதோ காய்ந்துபோயிற்று. மனத்தாங்கல் மட்டும் காயவில்லை.

போதாக்குறைக்குப் பேரமைச்சர் பதவி காலியாயிற்று. பேரரசி மற்ற உலகங்களைப் பார்வையிடப் புறப்படும்போது, "நான் திரும்பி வந்ததும் உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் விரல்ல பேரமைச்சர் மோதிரத்தைப் போடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து இருவருடைய நடையும் மாறிப்போயிற்று. எதிரெதிரே வந்தால் இருவரும் வானத்தைப் பார்த்தார்கள்.

மருதி வைத்தியம் தெரிந்தவள். கார்நாட்டில் விஷக்காய்ச்சல் பரவுகிறது என்று சேதி வந்த காலையில், அவள் வீட்டில் உலை வைத்துக்கொண்டிருந்தாள். அப்படியே மருந்துப் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"உலை வெச்சிருக்கேன். கொதிச்சதும் அரிசியைப் போடுங்க. வடிக்கிறதுக்கு வந்துடுவேன்" என்றாள் கணவனிடம்.

இங்கே ஒரு சோறு வேகும் நேரம், அங்கே ஒரு போகம். அதற்குள் காய்ச்சலை அடக்கிவிடலாம் என்று அவள் கணக்கு. வழக்கம்போலத் தட்டு போயிற்று. வழக்கம்போல இருவரும் வந்து கை வைத்தார்கள். கதவு திறந்தது. மருதி அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள், கணவனைப் பார்த்துச் சிரித்தாள், அந்தப் பக்கம் போனாள். கதவு மூடிக்கொண்டது.

கதிரவேள் வீட்டுக்குப் போய் அரிசியைப் போட்டார். சோறு வெந்தது. அவர் தட்டுக்காகக் காத்திருந்தார். நெடுங்கோவும் தம் வீட்டில் தட்டுக்காகக் காத்திருந்தார். இரண்டு வீட்டுக்கும் தட்டு வரவில்லை.

'எப்போதும் மச்சான்தானே அழைப்பார், இன்று ஏன் இந்த இறுமாப்பு? மோதிரம் தமக்குத்தான் என்று முடிவு கட்டிவிட்டாரா?' என்று நினைத்தார் கதிரவேள். 'எப்போதும் மாப்பிள்ளைதானே அழைப்பார், இன்று என்னை இறங்கி வரவைக்கப் பார்க்கிறாரா?' என்று நினைத்தார் நெடுங்கோ. பேரரசி திரும்புகிற நேரத்தில் யார் தட்டைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடப்பது? ஊர் என்ன சொல்லும்? பேரரசி காதில் அது எப்படி விழும்?

கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி உண்டு. அதற்கு அந்தப் பக்கம் ஒரு கல்விளக்கு. திரும்பி வரக் காத்திருப்பவர்கள் பொழுது சாய்ந்ததும் அதை ஏற்றுவார்கள். 'இங்கே ஒருவர் இருக்கிறார், கதவைத் திறங்கள்' என்று அதற்கு அர்த்தம். விண்ணூரிலிருந்து பார்த்தால் அந்த விளக்கு நாலைந்து மூச்சுக்கு எரியும், நாலைந்து மூச்சுக்கு அணையும். கண் சிமிட்டுவதுபோல இருக்கும். ஒவ்வொரு சிமிட்டலும் அங்கே ஓர் இரவு.

முதல் நாள் மத்தியானம், காவலர்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்துக் கதிரவேள் கண்ணாடி அருகே வந்து நின்றார். விளக்கு எரிந்தது, அணைந்தது. எரிந்தது, அணைந்தது. நாள் தவறாமல் கைப்பிடிச் சுவரில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, மறு கையால் திரியைத் தூண்டுகிற மருதியை அவர் மனசு பார்த்தது. தட்டை எடுக்கலாமா என்று நினைத்தார். 'இன்னும் கொஞ்சம் பொறு. தங்கை என்றால் மச்சானுக்கு உயிர். அவரால் தாங்க முடியாது, வந்துவிடுவார்' என்று தமக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

அவர் போனதும் தூணுக்குப் பின்னாலிருந்து நெடுங்கோ வந்தார். அவரும் கண்ணாடியில் முகத்தை வைத்தார். தாயில்லாப் பிள்ளையைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர். 'பெண்டாட்டியை விட்டு மாப்பிள்ளையால் இருக்க முடியாது. வந்துவிடுவார்' என்று அவரும் வீட்டுக்குப் போனார்.

பார்த்தீர்களா? அவர்களுக்கு அன்பு இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். ஒருவர் அன்பின் மேல் இன்னொருவர் பாரத்தைப் போட்டுவிட்டுத் தாம் சும்மா இருந்தார்கள்.

இரண்டாம் நாளும் தட்டு வரவில்லை. இரண்டாம் நாளும் விளக்கு சிமிட்டியது. இரண்டாம் நாளும் இருவரும் தனித்தனியே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. நெல் வராமல் கடைக்காரர்கள் நின்றார்கள். அந்தப் பக்கம் வேலைக்குப் போனவர்களின் பெண்டாட்டிகள் நின்றார்கள். கல்யாண மாலையோடு ஒரு பெண் நின்றாள். மாப்பிள்ளைப் பையன் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டிருந்தான். அவனுக்கு இப்போது என்ன வயசு இருக்கும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை.

கதிரவேள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தார். ஒரு பருக்கைகூட உண்ணவில்லை.

மூன்றாம் நாள் கதிரவேள் கண்ணாடி அருகே நின்றபோது விளக்கு எரிந்தது, அணைந்தது. எரிந்தது, அணைந்தது. பிறகு எரியவில்லை.

நாலைந்து மூச்சு போயிற்று. இன்னும் நாலைந்து மூச்சு போயிற்று. கண்ணாடி கறுப்பாகவே இருந்தது. தம்மை மறந்து அவர் கதவில் அடித்தார். தூணுக்குப் பின்னாலிருந்து நெடுங்கோ ஓடிவந்தார். மூன்று நாளில் முதல் தடவையாக இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"விளக்கு..." என்றார் ஒருவர்.

"ஆமா" என்றார் மற்றவர்.

அப்போதும், கேளுங்கள், அப்போதும் இருவர் கையும் தடத்துக்குப் போகவில்லை. சுற்றிலும் கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் பேரரசியின் பல்லக்கு வானத்திலிருந்து இறங்கியது.

பேரரசி கூட்டத்தைப் பார்த்தாள், மூடிய கதவைப் பார்த்தாள், இரண்டு அமைச்சர்களையும் பார்த்தாள். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவள் கோபப்படவில்லை. விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"ஒரே ஒரு கேள்வி கேட்கிறேன். இதுவரைக்கும் இந்தக் கதவைத் திறக்க யார் யாரை அழைச்சீங்க? வாயிலமைச்சரே, நீங்க சொல்லுங்க."

நெடுங்கோ தலை நிமிர்ந்து சொன்னார். "தாயே, நான் ஒரு நாளும் போய் அழைச்சதில்லை. எப்பவும் மாப்பிள்ளை வீட்லேர்ந்துதான் எனக்குத் தட்டு வரும்."

கதிரவேள் திடுக்கிட்டார். "என்ன மச்சான் சொல்றீங்க? நான் எப்போ அனுப்பினேன்? உங்க வீட்லேர்ந்துதானே எனக்குத் தட்டு வரும்? நானும் ஒரு நாளும் அழைச்சதில்லை, தாயே."

பேரரசி மெதுவாகக் கேட்டாள்.

"அப்போ, இத்தனை வருஷமா தட்டைக் கொண்டுவந்தது யாரு?"

அவர்களுக்கு ஒரே முகம் நினைவுக்கு வந்தது. 'அண்ணா, அவர் உங்களை அழைச்சுட்டு வரச் சொன்னார்' என்று தட்டோடு சிரித்துக்கொண்டு நிற்கிற முகம். 'என்னங்க, அண்ணன் உங்களை அழைச்சுட்டு வரச் சொன்னார்' என்று அதே தட்டோடு சிரித்துக்கொண்டு நிற்கிற முகம். இரண்டு வீட்டுக்கும் அவள் வீட்டு மனுஷிதானே. முதல் பேரரசரின் முறையை அத்தனை வருஷமும் தனியாகக் காப்பாற்றியவள் அவள். அவள் கதவுக்கு அந்தப் பக்கம் போன பிறகு, தட்டு எங்கிருந்து வரும்?

"மருதி" என்றார் நெடுங்கோ. அவர் பேரரசி கையிலிருந்த மோதிரத்தைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையின் முன்னால் வெறுங்கையை நீட்டினார். "தட்டு இல்லை. வாங்க மாப்பிள்ளை" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் கதிரவேள் அந்தக் கையைப் பிடித்திருந்தார். இருவரும் சேர்ந்து கை வைத்தார்கள். கதவு திறந்தது.

ஈர மண் வாசனை வந்தது. மழைச் சத்தம் வந்தது. யாரெல்லாமோ வந்தார்கள். வாலிபனாகப் போனவன் நரைத்த மீசையோடு வந்தான். மாலையோடு நின்ற பெண் வழுக்கை விழுந்த ஒருவரின் முகத்தில் யாரையோ தேடினாள்.

கடைசியில் மருந்துப் பையோடு ஒரு மூதாட்டி வந்தாள். தலை பஞ்சாக வெளுத்திருந்தது. முதுகு லேசாக வளைந்திருந்தது. சிரிப்பு மட்டும் அதேதான்.

காலையில் பிரிந்ததுபோல அப்படியே இருந்த கணவனை அவள் வெகுநேரம் பார்த்தாள். அவருக்குத் தாய் என்று சொல்லும்படி இருந்தாள் அவள்.

"என்னங்க, சோறு குழைஞ்சு போயிருக்குமே" என்றாள்.

நெடுங்கோ தங்கையின் கையைப் பிடித்தார். சுருக்கம் விழுந்த கை. அண்ணனைவிடத் தங்கைக்கு வயசாகிவிட்டது.

"விளக்கு ஏம்மா நின்னுபோச்சு? காய்ச்சலா உனக்கு?"

"காய்ச்சலெல்லாம் ஒண்ணுமில்லை, அண்ணா. மத்தவங்கல்லாம் எப்பவோ விட்டுட்டாங்க, நான் மட்டும் ராத்திரி தவறாம ஏத்திட்டுத்தான் இருந்தேன். ஒருநாள் திரியை எடுத்தேன், கை போகலை. இத்தனை வருஷமா எரியுது, ஒருத்தரும் பார்க்கலை போலிருக்குன்னு தோணிடுச்சு."

அவர்கள் பார்த்தார்கள். முதல் நாளும் பார்த்தார்கள், இரண்டாம் நாளும் பார்த்தார்கள், மூன்றாம் நாளும் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தோம் என்று அவளிடம் சொல்ல இருவருக்கும் தைரியம் வரவில்லை. பார்க்கவில்லை என்று அவள் நினைப்பதே மேல் என்று இருந்தது. அன்றைக்கும் சொல்லவில்லை, அவள் சாகிறவரைக்கும் சொல்லவில்லை.

பேரரசி மோதிரத்தைத் தன் விரலிலேயே மறுபடி போட்டுக்கொண்டாள். அதை இருவரும் கவனித்ததாகவே தெரியவில்லை.

அதன் பிறகு விண்ணூரில் ஒரு வேடிக்கை நடந்தது. பொழுது விடிந்ததும் வாயிலமைச்சர் தட்டோடு கிளம்புவார். சுடரமைச்சரும் தட்டோடு கிளம்புவார். பாதித் தெருவில் இருவரும் முட்டிக்கொள்வார்கள். ஊர் சிரிக்கும். மருதியும் சிரிப்பாள். ஆனால் பொழுது சாய்ந்தால் அவள் கை தானாகத் திரியைத் தேடும். விளக்கை ஏற்றி வாசலில் வைத்துவிட்டுத் தெருவையே பார்த்துக்கொண்டிருப்பாள். "நான்தான் பக்கத்துல இருக்கேனே, யாரைப் பார்க்கிறே?" என்று கதிரவேள் கேட்டால், அவள் திரியைத் தூண்டிவிட்டு மறுபடி தெருவைப் பார்ப்பாள். மச்சானும் மாப்பிள்ளையும் அந்த விளக்கின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, அது தானாக அணையும்வரை கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

கதை இவ்வளவுதான். இதில் நீங்கள் வீட்டுக்கு எடுத்துப் போகவேண்டியது இது: யார் முதலில் இறங்கி வருவது என்று இருவர் அடம்பிடிக்கும்போது கரைந்துபோவது அவர்களுடைய காலம் அல்ல, அவர்களுக்காகக் காத்திருப்பவருடைய ஆயுள்.