முந்தி விழுந்த அடி

இதை நான் நேரில் பார்க்கவில்லை. அந்தப் பறைக்குழுவில் ஆடிய ஒருவர் சொல்லக் கேட்டது.

திண்டுக்கல்லில் ஒரு கலைவிழா. அடுத்து இவர்கள்தான் மேடையேற வேண்டும். வெளியே விசில் பறந்தது. மினிபஸ் ஓட்டும் கொழந்தைசாமிக்கு நாற்பத்தேழு வயதில் இது முதல் மேடை. அவருக்குக் கற்றுக்கொடுத்த இளவஞ்சிக்கு இருபத்தாறு.

கொழந்தைசாமி தோளிலிருந்த பறையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"ஆசானே, நான் வரலை. நெஞ்சு மறுபடியும் ஒரு துடிப்பை விட்டுருச்சு."

"மயக்கம் வருதா? வலி? மூச்சு வாங்குதா?"

"அதெல்லாம் இல்லை."

"போன வாரம் டாக்டர் என்ன சொன்னாரு?"

"ஈசிஜி, எக்கோ எல்லாம் பார்த்துட்டு, பயப்பட ஒண்ணுமில்லை, டீயைக் குறைங்கன்னாரு."

"இன்னிக்கு எத்தனை டீ?"



"ஏழு, ஆசானே! எட்டாவது வாங்க ஆள் போயிருக்கு!" என்றான் பின்னால் நின்ற ஒருவன். குழுவே சிரித்தது.

"சிரிங்கடா. நின்னது உங்க நெஞ்சா?"

இளவஞ்சி குச்சிகளை எடுத்தாள். "கையைத் தட்டுங்கண்ணே, சீரா. நான் என்ன வாசிச்சாலும் மாத்தக் கூடாது."

அவர் தட்டினார். தட்டுக்கு ஓர் அடி என அவள் பறையில் வாசித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவது தட்டுக்குப் பறை பேசவில்லை. ஐந்தாவதற்கு அதிர்ந்தது.

"இதேதான்!" கொழந்தைசாமி கத்திவிட்டார். "ஒண்ணை விட்டுட்டு, அப்புறம் திம்முனு ஒண்ணு!"

"விட்டேனா? நல்லாக் கேளுங்க."

மறுபடியும் வாசித்தாள். அவர் குனிந்து காதைக் கொடுத்தார். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் மெல்லிய குச்சி தோலை லேசாகத் தொட்டுப் போனது.

"அட! விடவே இல்லை! நாலாவது அவசரப்பட்டு முந்தியே வந்துருச்சு!"

"அஞ்சாவது?"

"என் தட்டுல கரெக்டா வந்து விழுந்துச்சு."

மேடையில் குழுவின் பெயரை அழைத்தார்கள். பறையை எடுக்கக் குனிந்தவர் அப்படியே நின்றார்.

"அந்த அஞ்சாவது ஒருநாள் வராமப் போயிட்டா, ஆசானே?"

"பறை பேசாதப்ப உங்க கை நின்னுச்சாண்ணே?"

கொழந்தைசாமி தன் கைகளைப் பார்த்தார். பறையை மாட்டிக்கொண்டு முதல் ஆளாகப் படியேறினார்.

பிறகு ஒரு டாக்டரிடம் கேட்டுப் பார்த்தேன். இதயத்தின் வலது மேலறையில் துடிப்பைத் தொடங்கி வைக்கும் சின்ன இடம் ஒன்று இருக்கிறது. கீழறையில் ஒரு துடிப்பு முந்திக்கொண்டாலும், கொழந்தைசாமியின் கையைப் போல, அந்த இடம் பெரும்பாலும் தன் கணக்கை மாற்றுவதில்லை.