கோடு தாண்டாதவள்

கதை சின்னதுதான், தீர்ப்புத்தான் பெரிசு. நடுவில் எழுந்து போகாமல் கேளுங்கள்.

பொற்கொடி பிளஸ் டூ படித்தவள். கபடியில் 'கபடி கபடி' என்று எதிரணிக்குள் பாடிப் போனால் ஒருத்தியையாவது தொடாமல் திரும்ப மாட்டாள். மாவட்ட இறுதி ஆட்டத்தில் மட்டும் ஒருதரம், தன் முறை வந்தும் கோட்டருகே தயங்கி நின்றுவிட்டாள். விசில் ஊதி, எதிரணிக்கு ஒரு புள்ளி கொடுத்தார்கள். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள்.

"எங்கே போறே?" என்று அதட்டினார் நடுவர் சுலோச்சனா. "நேரத்துக்குப் பாடப் போகலை, புள்ளி போச்சு. நீ அவுட் இல்லை. உள்ளே நில்லு."

அந்தச் சுலோச்சனாதான் நகரத்து மகளிர் கல்லூரி ஒன்றில் விளையாட்டுக்குப் பொறுப்பு. பொற்கொடியின் பள்ளிக்கு வருஷம் ஒரு கபடி இடம் தருவார்கள். ஆனால் அந்த வருஷ இடம் வேண்டுமென்றால் எல்லாப் பாடத்திலும் முதல் முயற்சியிலேயே தேறியிருக்க வேண்டும்.

வேதியியல் பரீட்சையன்று காலையில் அக்காளுக்கு வலி எடுத்தது. மாமா லாரியோடு வெளியூரில். வீட்டில் வேறு ஆளில்லை. பொற்கொடி சீருடையோடு ஆம்புலன்ஸில் ஏறினாள். பிரசவ வார்டு வாசல் பெஞ்சில், ஹால் டிக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒற்றையாக உட்கார்ந்திருந்தாள். பள்ளி பக்கத்துத் தெருதான். பரீட்சை தொடங்கும் மணி கேட்டது. முடியும் மணியும் கேட்டது. இரண்டுக்கும் நடுவில் உள்ளே ஒரு குழந்தை அழுதது. "பொம்பளப் புள்ள" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். அதைத் திருப்பிச் சொல்லக்கூட அவள் பக்கத்தில் யாருமில்லை.

பிறகு துணைத்தேர்வில் அந்தப் பாடத்தை எழுதி, நல்ல மார்க்கோடு தேறினாள்.

கல்லூரியில் ஆடிக் காட்டச் சொன்னபோது பொற்கொடிதான் முதல். அவள் அணியிலேயே மூலையில் நின்று பிடிக்கிற ரெஜினா அடுத்தவள். ரெஜினா எல்லாப் பாடத்திலும் ஒரே தடவையில் தேறியவள்.

"வராதவளும் தோத்தவளும் ஒண்ணுதான். இனி எந்த வருஷமும் பொற்கொடிக்கு இங்கே இடமில்லை" என்றார் சுலோச்சனா.

"எழுதாத பரீட்சை எப்படி மேடம் முயற்சியாகும்? எழுதின முதல் தடவையே பாஸாயிருக்கா. இந்த வருஷ இடம் இவளுக்குத்தான்" என்றார் பள்ளி பி.டி. மிஸ்.

ரெஜினாவுக்குக் கண் கலங்கியது. "நீ என்னைவிட நல்லா ஆடுவேடி, இல்லேங்கலை. ஆனா நானும் விழுந்து விழுந்து படிச்சேன். இந்த வருஷத்தை என்னால விட்டுத்தர முடியாது."

பொற்கொடி யார் முகத்தையும் பார்க்கவில்லை. செருப்பைக் கையில் பிடித்தபடி, மைதானத்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியே தனியே நின்றாள்.

இந்த மூவரில் யார் சொன்னது சரி?

விடை: ரெஜினா சொன்னதே சரி. நேரத்துக்குப் பாடப் போகாவிட்டால் புள்ளி எதிரில் நிற்பவளுக்குத்தான் சேரும், இந்த வருஷ இடம் ரெஜினாவுக்கு; பி.டி. மிஸ் அதை மறந்துபோனார். ஆனால் போவது புள்ளிதானே தவிர ஆள் இல்லை. சுலோச்சனாவோ தான் சொன்னதையே மறந்துபோனார். பொற்கொடி மெல்லக் கேட்டாள்: "மேடம், அன்னைக்கு உள்ளே நில்லுன்னு சொன்னீங்க. இன்னைக்கு நான் எங்கே நிக்கணும்?" சுலோச்சனா கையை நீட்டிக் காட்டினார், கோட்டுக்கு உள்பக்கம். அடுத்த வருஷ இடத்துக்கு.