வாடாத வெள்ளைப்பூ

மலைவைத்தியம் படிக்க வந்தபோது கருத்திருமனுக்கு ஐம்பத்தெட்டு வயது. மனைவி நாச்சம்மா இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. பாடம் சொன்ன பூரணவல்லி அவரைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார்.

ஒருநாள் காலை இருவரும் சோலைக்கு மேலே உள்ள புல்மேட்டுக்கு ஏறினார்கள். கண்ணுக்கெட்டியவரை வெள்ளைப் பூக்கள். பூரணவல்லி ஒன்றைக் காட்டினாள்.

"இது என்னங்க?"

அவர் பூவைப் பிய்த்துப் பார்த்தார். நடுவே ஊசிமுனை அளவில் மஞ்சள் பூக்கள், நூறு இருக்கும். சுற்றிலும் காகிதம்போல் வெள்ளைச் செதில்கள்.

"செவ்வந்தி இனமுங்க அம்மா. இலையை அரைச்சுப் புண்ணுக்குக் கட்டுவாங்க."

"சரி. உயிருள்ளதாப் பார்த்து ஒரு பிடி பறிங்க. போன வருசம் செத்த செடியும் பூவோடதான் நிக்கும்."

அவள் பாறைமேல் உட்கார்ந்துகொண்டாள்.

அவர் குனிந்து தேடிக்கொண்டே போனார். எல்லாம் ஒரே வெண்மை. எதைத் தொட்டாலும் சரசரத்தது.

வெண்புகைபோல் மலைமஞ்சு இறங்கியது. பாறை மறைந்தது. அவள் மறைந்தாள்.

"அம்மா!"

கொஞ்ச நேரம் கழித்து, முன்னாலிருந்து ஒரு குரல்.

"ஏனுங்க... இப்படி வாங்க."

நாச்சம்மாவின் குரல். பேசுமுன் வரும் சிறு செருமல்கூட அப்படியே.

"வந்துட்டேன்!"

நாலு எட்டு ஓடினார். ஈரப்புல் வழுக்கியது. விழுந்தபடியே ஒரு செடியைப் பற்றினார். சுள்ளிபோல் முறிந்து கையோடு வந்தது. அடுத்ததைப் பற்றினார். அது வளைந்தது, முறியவில்லை. அதன் இலைகள் கன்றுக்குட்டியின் காதுபோல் மெத்தென்று குளிர்ந்திருந்தன.

"வாங்க. இன்னும் ரெண்டு எட்டுத்தான்."

அவர் அழுதார். பிடித்த செடியை விடவில்லை.

மஞ்சு விலகியபோது, இரண்டு எட்டுக்கு அப்பால் தரை இல்லை. கீழே, வெகு ஆழத்தில், மரங்களின் தலைகள் தெரிந்தன.

பின்னால் பூரணவல்லி மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தாள்.

"கூப்பிட்டது நீங்களா அம்மா?"

"நான் வாயே திறக்கலைங்க."

"உங்களுக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. அதான் ஓடி வந்தேன்."

அவர் பள்ளத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்போ, அது அவதானே?"

முறிந்து கிடந்த செடியைப் பூரணவல்லி எடுத்தாள். பூவில் ஒரு செதில்கூட உதிரவில்லை. அதை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"இதுவும் அதே பூதானுங்க. போன வருசத்தது."