ஜெபராஜின் பச்சைப் புள்ளி

நாகர்கோவிலில் செலினிடம் நிரல் எழுதும் தொழில் கற்க வந்தவர்களில் அவளைவிட வயதில் மூத்தவர் குமரேசன் ஒருவர்தான். செல்போன் பழுது பார்க்கும் கடையை மூடிவிட்டு வந்தவர். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள். இந்த ஏற்பாட்டில் இருவருக்கும் சங்கடம் இருந்ததில்லை.

பிரவுசரிலேயே திறந்து நிரல் எழுதுகிற மென்பொருள் ஒன்றைச் செலினும் அவள் கணவர் ஜெபராஜும் சேர்ந்து உருவாக்கியிருந்தார்கள். கடவுச்சொல் கொடுத்து நுழைகிறவருக்கு அது அனுமதிச் சீட்டு மாதிரி ஒரு டோக்கன் தரும். அதற்குப் பிறகு ஆளைப் பார்க்காது, டோக்கனைத்தான் பார்க்கும். உள்ளே இருப்பவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும்.

போன மழைக்காலத்தில் ஜெபராஜ் மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய கணினியை அணைக்க யாருக்கும் மனம் வரவில்லை. அவர் பெயருக்குப் பக்கத்தில் புள்ளி எரிந்துகொண்டே இருந்தது. காலையில் வந்ததும் குமரேசன் முதலில் பார்ப்பது அதைத்தான். அடுத்தவர் எழுதும் நிரலுக்கு நடுவே புகுந்து, ‘அண்ணே, இது நிரலா, கருவாட்டுக் குழம்பா?’ என்று எழுதிவிட்டு ஓடுகிற மனிதர் ஜெபராஜ். எவ்வளவு நல்ல நாட்கள் அவை. அப்போது குமரேசன் எரிச்சல்பட்டார். இப்போது அப்படி எழுத ஆளில்லை.

ஒரு திங்கட்கிழமை குமரேசன் அந்த மென்பொருளில் ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தார். விஷமமான இணைப்பு ஒன்றைச் சொடுக்கினால் போதும், சொடுக்கியவரின் டோக்கன் எங்கோ இருக்கும் எவனோ ஒருவன் கைக்குப் போய்விடும். அதை வைத்து அவன் அவர் பெயரிலேயே உள்ளே வரலாம். மாலைக்குள் அதை அடைத்தும் விட்டார். செலின் மனதாரப் பாராட்டினாள். பிறகு, இதுவரை கொடுத்த டோக்கன்கள் அத்தனையையும் ரத்து செய்யச் சொன்னாள்.

“அதான் அடைச்சாச்சே, டீச்சர்.”

“அடைக்கிறதுக்கு முன்னாடி போனது?”

குமரேசன் கீபோர்டுக்குத் திரும்பினார். ரத்து செய்வதற்கான கட்டளையை எழுதி முடித்தார். கடைசிப் பொத்தானைத் தட்டத்தான் கை வரவில்லை.

“சாரோடதை மட்டும் விட்டிருவோமா?”

இறந்துபோனவர் எந்த இணைப்பைச் சொடுக்கப்போகிறார் என்று குமரேசன் வாதாடினார்.

“இருந்தப்ப சும்மாவா இருந்தாங்க? வந்த லிங்க் எதையாவது தொடாம விட்டாங்களா?”

இருவருக்கும் சிரிப்பு வந்தது. பரிசு விழுந்திருக்கிறது என்று வந்த செய்தியைக்கூடத் திறந்து, அனுப்பியவனோடு மணிக்கணக்கில் அரட்டையடித்தவர் ஜெபராஜ். சிரிக்கும்போதே குமரேசனுக்குக் கண் நிறைந்துவிட்டது.

செலின் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். கணவர் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டினாள். எல்லாப் பெயர்களின் பச்சையும் ஒன்றாக அணைந்தது. மற்றவர்கள் நாளைக் காலையில் கடவுச்சொல் கொடுத்து மறுபடி வந்துவிடுவார்கள்.

குமரேசனுக்குக் கோபம் வந்தது. அந்த ஒன்றை வைத்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும் என்று கேட்டார்.

“அவங்க பேர்ல எவனாவது உள்ள வந்திருந்தா,” என்றாள் செலின், “நான் அவங்கதான்னு நம்பியிருப்பேன், அண்ணே.”