நரம்பெடுக்கிற சனம்

ஒரு ஊர்ல, ஊருன்னா நம்ம பக்கம் இல்லை, சீன தேசத்துல மஞ்சள் ஆத்தங்கரையில ஒரு பட்டணம், அங்கே ஏழு குடும்பம் யூதருங்க இருந்தாங்களாம். எந்தக் காலத்துலயோ மேற்கேருந்து ஒட்டகத்துல பருத்தித் துணி ஏத்திக்கிட்டு வந்து, இடம் பிடிச்சுப் போயி அங்கேயே தங்கிட்டவங்க. அப்ப இருந்த ராஜா, இருந்துட்டுப் போங்க, உங்க பூட்டன் வழக்கத்தை மட்டும் விட்டுறாதீங்கன்னு சொல்லி, கோயில் கட்ட நிலமும் குடுத்து, கல்லுலயும் வெட்டி வச்சாரு. என்னன்னு? 'இந்த மண்ணு நரம்பெடுக்கிற சனத்துக்கு'ன்னு.

அது என்ன பேருன்னு கேக்குறியா? அவங்க பூட்டன் ஒருத்தர், சாமி அனுப்பின ஆளோட மல்லுக்கட்டி, தொடையில அடிபட்டு நொண்டினாராம். அதனால ஆட்டுத்தொடை வாங்கினா, உள்ளே ஓடுற பெரிய நரம்பை உருவி எறிஞ்சுட்டுத்தான் சட்டியில போடுவாங்க. ஊர்க்காரங்களுக்கு அவங்க சாமி தெரியாது, வேதம் தெரியாது, தெரிஞ்சது இந்த நரம்பு மட்டும்தான், அதையே பேரா வச்சுட்டாங்க.

அப்புறம் ஒரு வருஷம் பெருவெள்ளம் வந்து, கோயில் போச்சு, பாதி சனம் போச்சு, வேதம் படிக்கத் தெரிஞ்ச ஒரே பெரியவரும் போயிட்டாரு. தோல் சுருள்ல எழுதின வேதம் மட்டும் சேத்துல கிடைச்சுது. எடுத்தாங்க, காய வச்சாங்க, கும்பிட்டாங்க. படிக்கத்தான் ஆளில்லை.

அந்தக் கோயில் மண்ணு மேல ஃபெங்னு ஒரு பணக்காரனுக்குக் கண்ணு. யூதருங்க தொடவே தொடாத பன்னிக்கறி இல்லாம அவனுக்கு ஒரு வேளை சோறு இறங்காது. அவன் அதிகாரிகிட்ட போயி, நம்ம ஊரு தாசில்தாரு மாதிரின்னு வச்சுக்க, அசல் யூதருங்க எல்லாம் வெள்ளத்துல போயிட்டாங்க, மிஞ்சினது நான் ஒருத்தன்தான், இவங்கல்லாம் வேஷக்காரங்கன்னு சத்தியம் பண்ணினான்.

அதிகாரி ரெண்டு பக்கத்தையும் வரச்சொன்னாரு. பூட்டன் பேரைச் சொல்லுங்கன்னாரு. ஏழு குடும்பமும் சேந்து மூணு பேரைச் சொல்லித் திணறுச்சு, ஃபெங் முப்பது பேரு சொன்னான். சரி, வேதத்தைப் படிங்கன்னாரு. இவங்க தலையைத் தொங்கப் போட்டாங்க, அவன் சுருளைப் பிரிச்சு கடகடன்னு படிச்சான். படிச்சது வேதமா வாய்க்கு வந்ததா, சுருளை நேரா பிடிச்சானா தலைகீழா பிடிச்சானா, கண்டுபிடிக்க அந்த ஊர்லயே ஆளில்லையே, என்ன பண்றது? அதிகாரி மயங்கிப்போயி, நிலத்தை அவனுக்கே எழுதத் தூரிகையையும் எடுத்துட்டாரு.

அப்ப ஷூலான்னு ஒரு அம்மா முன்னாடி வந்தா. வெள்ளத்துல புருஷனைப் பறிகுடுத்துட்டு, அவிச்ச ஆட்டுக்கறி வித்துப் பொழைக்கிறவ. அந்த மண்ணும் போச்சுன்னா நாங்க யாருன்னு சொல்ல வேற எதுவும் இல்லையேன்னுதான் வந்தா.

"ஐயா, எங்களுக்குப் படிக்க வராது. அது எங்க வெக்கம்தான். ஆனா கல்லுல படிக்கிற சனம்னு எழுதலையே, நரம்பெடுக்கிற சனம்னுதானே எழுதியிருக்கு" அப்படின்னா.

உடனே எட்டு ஆட்டுத்தொடை வந்துச்சு. ஃபெங் எல்லாத்தையும் பாடம் பண்ணினவன், இதை மட்டும் சமையக்கட்டு வேலைன்னு விட்டுட்டான். இழுத்தான், அறுத்தான், குத்தினான், கடைசியில தொடை கொத்துக்கறியாப் போச்சு. ஷூலான் ரெண்டு கீறு கீறி ஒரு இழுப்பு இழுத்தா, நரம்பு முழுசா வந்துச்சு. வீட்டுக்கு ஒருத்தரா வந்து உருவி, ஏழு நரம்பை வரிசையா வச்சாங்க.

அதிகாரிக்கு தான் ஏமாந்தது புரிஞ்சுது, கோவமும் வந்துச்சு.

"ஃபெங், நீ பண்ணினது பொய்ச் சத்தியம்னா தலை போகும். நிஜம்னா நீ இவங்க ஆளு. மண்ணு சனத்துக்குப் பொது, உனக்குக் கோயில் கூட்டுற வேலை. இனி உன் வம்சத்துக்கே பன்னிக்கறி கிடையாது. எது வேணும்?"

தலைதான் வேணும், இவங்க ஆளாவே இருந்துட்டுப் போறேன்னான். வேற என்ன சொல்லுவான்?

அதிகாரிகிட்டேருந்து வேவு பாக்க ஆள் வருமோங்கிற பயத்துல, அவன் வீட்டுல நரம்பை உருவு உருவுன்னு உருவினாங்க. அந்த ஏழு குடும்பத்துப் பேரப் பிள்ளைங்களோ பரீட்சை எழுதி, பெரிய உத்தியோகத்துக்குப் போயி, விருந்துல எது வச்சாலும் தின்னுட்டு நரம்பை மறந்தே போனாங்க. பின்னாடி யாராவது வந்து, இந்த ஊர்ல அசல் யூதரு யாருன்னு கேட்டா, சனங்க ஃபெங் வீட்டைத்தான் கை காட்டுவாங்களாம்.

அடுத்தவன் பேரைத் திருடுறவன் அவன் பத்தியத்தையும் சேத்துத்தான் தூக்கணும். கறி வெந்துச்சு, கதையும் வெந்துச்சு, சட்டியை இறக்கியாச்சு, போய்ப் படுங்க.