கோதண்டத்தின் ஸ்டாப்வாட்ச்

மதுபானக் கிடங்கு மேனேஜர் கோதண்டம் ஸ்டாப்வாட்ச்சைத் தூக்கிக் காட்டிக் கத்தினார். “ஒரு லாரியை அனுப்ப மூணு மணி நேரமா? சோம்பேறிங்களா! இனி ஒரு மணி நேரத்துல கேட்டைத் தாண்டணும். இல்லேன்னா ஒருத்தனுக்கும் வேலை கிடையாது!”

சுமை தூக்கும் மாடக்கண்ணு தலையைச் சொறிந்தான். “ஆகட்டும் சார். நீங்களே வாட்ச்சோட லாரி பக்கத்துல நில்லுங்க.”

நின்றார். ஐம்பதே நிமிடத்தில் பெட்டியெல்லாம் ஏறி, கதவும் பூட்டியாயிற்று. லாரி மட்டும் நகரவில்லை.

“இன்னும் என்னடா?”

“பெர்மிட்ல உங்க கையெழுத்து சார். தினமும் ரெண்டு மணி நேரம் உங்க ரூம் வாசல்ல காத்திருப்போம். சார் தூங்குறார்னு பியூன் சொல்லுவாரு.”

கோதண்டத்துக்குக் காது மடல் சுட்டது. சட்டைப் பையைத் தடவினார். பேனா அறையில் இருந்தது. யார் முகத்தையும் பார்க்காமல் ஓடினார்.

“வாட்ச்சைக் குடுத்துட்டு ஓடுங்க சார்,” என்றான் மாடக்கண்ணு. “நேரம் பாக்கணும்ல?”